அரை வோல்ட்டு விஷயம்

என் பையன் தாம்பரத்துல இருக்கான். போன மாசம் ஊருக்கு வந்தப்போ கார் பானெட்டைத் திறந்து, பேட்டரி மேல ஒட்டியிருந்த தீப்பெட்டி சைஸ் டப்பாவைக் காட்டினான். ப்ளூடூத்தாம். வண்டி கீழ நிக்கும், இவன் மாடியில உக்காந்து செல்போன்ல பேட்டரி எத்தனை வோல்ட்டுன்னு பார்ப்பான். விலை ஆயிரத்துச் சொச்சம். திரையில 12.63ன்னு காட்டுச்சு.

"இது சரியாத்தான் சொல்லுதான்னு எதோட வச்சுப் பார்த்தே?"ன்னு கேட்டேன்.

"எதோட வச்சுப் பார்க்கிறதுப்பா? அதான் அதுலயே வருதே."

இந்தப் பதில்தான் இதை எழுத வச்சுது. அவன் பி.இ. படிச்சவன், நான் பத்தாவதோட ஏர் பிடிச்சவன். ஆனா தப்பு சொல்ற கேஜை நம்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்க ஊரு திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல. ரெண்டரை ஏக்கர். நெல்லு, வேர்க்கடலை, மிச்ச இடத்துல கத்திரி, வெண்டை. ஒரு பழைய மாருதி ஆம்னி இருக்கு. விடியக்காலையில காய் ஏத்திட்டுப் போகும், வரும்போது உர மூட்டை ஏத்திட்டு வரும். தெருவுல யாருக்காவது அவசரம்னா அதுதான் ஆம்புலன்ஸ்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. நாங்க அதை காதுல கேட்டோம். ஓட்டு மேல யாரோ விடாம மணல் வாரி இறைக்கிற மாதிரி சத்தம். விடிஞ்சு பார்த்தா வாழை மொத்தமும் படுத்துக்கிச்சு, முருங்கை ரெண்டா ஒடிஞ்சுது, வேப்பமரம் ஒண்ணு கரண்டு கம்பி மேலயே சாய்ஞ்சு கிடந்துச்சு. கரண்டு எப்ப வரும்னு கேட்கக்கூட யாருக்கும் வாய் வரல.

மத்தியானத்துக்குள்ள தெருப் பசங்க செல்போனோட வந்துட்டாங்க. "பெரியப்பா, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கவா?" ஆம்னியில சிகரெட் லைட்டர் ஓட்டையில மாட்டுற சார்ஜர் இருந்துச்சு. அது கூடவே 150 ரூபாய்க்கு வாங்கின வோல்ட்டு கேஜும் இருந்துச்சு. நீல எழுத்துல பளிச்சுன்னு எரியும். ஒவ்வொரு போனா மாத்தி மாத்திப் போட்டோம். வெளியூர்ல இருக்கிற புள்ளைங்க அப்பா அம்மாவுக்கு என்ன ஆச்சோன்னு தவிச்சிட்டு இருந்த நேரம், வேணாம்னு எப்படிச் சொல்றது? நானும் அசட்டையா விடல. கேஜைப் பார்த்துட்டே இருந்தேன். 12.3க்குக் கீழ போனா நிறுத்திடணும்னு ஒரு கணக்கு வச்சிருந்தேன். சரியா 12.3ல நிறுத்தவும் செஞ்சேன்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு வீசிங் வந்துடுச்சு. அவங்களுக்கு அப்போ 78 வயசு. கார் சாவியைத் திருப்பினா "டொக்"குன்னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல. இன்னொரு தடவை திருப்பினேன், டேஷ்போர்டு விளக்கே மங்கிப் போச்சு. மத்தியானம் சார்ஜ் போட்ட அதே பசங்க எட்டு பேரு ஓடி வந்து சேத்துல வண்டியைத் தள்ளினாங்க. அம்மா பின் சீட்டுல என் பொண்டாட்டி மடியில மூச்சுக்கு இழுத்துட்டு இருந்தாங்க. வண்டி உயிர் வர்றதுக்குள்ள இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்து, ஆக்சிஜன் வச்சு, மருந்துப் புகை கொடுத்து, விடியற நேரத்துக்கு அம்மா "டீ இருக்கா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் என் கை நடுங்குறது எனக்கே தெரிஞ்சுது.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல் இருக்கு. அந்த பேட்டரி புதுசு. ஆறு மாசம் முன்னாடிதான் மாத்தினது. செல்ஃப் நொண்டி நொண்டி சுத்துதேன்னு ஒரு பட்டறைக்குப் போனேன். "பேட்டரி போச்சுணா, மாத்திடுங்க"ன்னாங்க. பழைய பேட்டரியைக் கொடுத்தது போக 4,300 ரூபாய். அந்த சீசன்ல கொள்முதல் நிலையத்துல சன்ன ரக நெல்லு குவிண்டால் 2,160. அதாவது நாற்பது கிலோ மூட்டையில அஞ்சு மூட்டை நெல்லை பேட்டரி கடையில இறக்கி வச்சிட்டு வந்த கணக்கு.

எதிர்வீட்டு சார் கல்பாக்கத்துல இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வாழ்க்கை பூரா மீட்டரைச் சரிபார்க்கிறதுதான் அவர் தொழில். விஷயத்தைக் கேள்விப்பட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை மஞ்சள் கலர் மல்டிமீட்டரோட வந்தார். என் நீல எழுத்து கேஜையும் அவர் மீட்டரையும் ஒரே பேட்டரியில ஒரே நேரத்துல வச்சார். மீட்டர் 12.5, கேஜ் 12.9.

"உன் கேஜ் 0.4 கூடச் சொல்லுது. அன்னிக்கு நீ 12.3ன்னு நிறுத்தினியே, நிஜத்துல அது 11.9."

0.4 வோல்ட்டு என்ன பெரிய விஷயம்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. அவர் சொன்ன கணக்கை அப்படியே சொல்றேன். கார்ல இருக்கிற ஈய பேட்டரி, ஓய்வா இருக்கும்போது முழுசா நிறைஞ்சிருந்தா 12.6லேர்ந்து 12.7. முக்கால் பங்குன்னா 12.4. பாதின்னா 12.2. கால்னா 12.0. 11.8 வந்துட்டா காலி. அதாவது நிறைஞ்சதுக்கும் காலியானதுக்கும் நடுவுல ஒரு முழு வோல்ட்டுகூட கிடையாது. நாற்பது அடி கிணறு, ஆனா தண்ணி அடியில ஒரே ஒரு அடிக்குள்ளதான் ஏறி இறங்கும்னு வச்சுக்கங்க. அதை அளக்கிற கயித்துல அரை அடி தப்பு இருந்தா அந்தக் கயித்தை வச்சு என்ன பண்றது? மாடு கட்டலாம்.

செல்போன் கணக்கையும் போட்டுக் காட்டினார். இப்போ வர்ற போன் ஒண்ணை முழுசா ஏத்த, வழியில வீணாகிறதையும் சேர்த்து, கார் பேட்டரியிலேர்ந்து கிட்டத்தட்ட 2 ஆம்பியர்-அவர் போகும். என் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். பத்து போன் ஏத்தினா பாதிக்கு மேல காலி. கேஜே இல்லாம இருந்திருந்தாக்கூட ஒரு பயத்துல அஞ்சாவது போன்லயே நிறுத்தியிருப்பேன். கேஜ் இருந்த தைரியத்துலதான் பத்து வரைக்கும் போனேன்.

இதுலேர்ந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாப் போச்சு. லைட்டர் ஓட்டையில மாட்டுற கேஜை பேட்டரி அளக்கன்னு வாங்காதீங்க. அது எல்லாமே தப்பு காட்டும்னு சொல்லல. சரியா காட்டுற கேஜா இருந்தாலும் அது நிக்கிற இடம் தப்பு. பேட்டரியிலேர்ந்து ஃப்யூஸ் பாக்ஸ், சாவி, சாக்கெட்னு மெல்லிசு ஒயர்ல சுத்தி வர்ற வோல்ட்டைத்தான் அது பார்க்குது. அதே ஒயர்ல ஃபேனோ சார்ஜரோ ஓடினா வழியிலயே கொஞ்சம் கரையும். நிறைய வண்டியில சாவி போட்டாத்தான் சாக்கெட்டுக்குக் கரண்டு வரும், சாவி போட்டாலே நாலு சாமான் முழிச்சுக்கும், பேட்டரி ஓய்வா இருக்கிறப்போ பார்க்கவே முடியாது. வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகுதா இல்லையான்னு ஒரு குத்துமதிப்புக்கு வச்சுக்கலாம். அதுக்கு மேல அதை நம்பக் கூடாது.

வாங்கணும்னா சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்க. எலெக்ட்ரிகல் கடையில இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மஞ்சள் கலர்ல கிடைக்குதே, அதுவே போதும். அந்த மாதிரி மீட்டரோட தாள்ல டிசி வோல்ட்டுக்குப் பொதுவா 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்துல ரெண்டும் தப்பு இருக்கலாம்னு போட்டிருக்கும். 12.6 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 0.08. முக்காலா, பாதியா, காலான்னு பிரிச்சுச் சொல்ல இது தாராளம். அமெரிக்காக்காரன் மீட்டர் பல ஆயிரத்துக்கு இருக்கு, நல்ல மீட்டர்தான், ஆனா அது அந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு. நமக்கு எதுக்கு? திரையில புள்ளிக்கு அப்புறம் மூணு எண் வருதுன்னு மயங்காதீங்க. எண் எத்தனை காட்டுதுங்கிறது வேற, எத்தனை உண்மைங்கிறது வேற. 12.637ன்னு காட்டுறப்போ அந்த 37 பாதி நேரம் சும்மா அலங்காரம்தான்.

மலிவு மீட்டர்ல ரெண்டு ஆபத்து இருக்கு, அதைச் சொல்லாம விட்டா பாவம். ஒண்ணு, மீட்டருக்குள்ள இருக்கிற 9 வோல்ட்டு பேட்டரி. அது தீர்ந்து போற நேரத்துல இந்த மீட்டருங்க அளவைக் கூடுதலாக் காட்டும். நம்ம பேட்டரி செத்துட்டு இருக்கும், மீட்டர் பிரமாதம்னு சொல்லும். பேட்டரி படம் திரையில வந்துச்சுன்னா அளக்கிறதை நிறுத்திட்டு முதல்ல அதை மாத்துங்க. ரெண்டாவது, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர்னு போட்ட ஓட்டையில சொருகிட்டு பேட்டரியில வச்சுடாதீங்க. அது நேரா ஷார்ட். தீப்பொறி பறந்து ஒயர் உருகிடும். மலிவு மீட்டர்ல அந்த ஓட்டைக்கு ஃப்யூஸ்கூட இருக்காது. முள்ளை டிசி வோல்ட்டு பக்கம் 20ல வைங்க, சிவப்பு ஒயர் வோல்ட்டு ஓட்டையில, முனையை பேட்டரியோட ஈயக் கொம்புலயே வைங்க. மேல மாட்டின கிளாம்ப்ல வைக்காதீங்க.

எப்ப அளக்கிறோம்ங்கிறதும் இருக்கு. வண்டி ஓட்டிட்டு வந்து நிறுத்தின உடனே பார்த்தா 13 கூடக் காட்டும். அது மேலாப்புல நிக்கிற சார்ஜ். சாதம் பொங்கி வர்றப்போ பானை நிறைஞ்ச மாதிரி தெரியும் பாருங்க, அது மாதிரி. ராத்திரி பூரா சும்மா நின்ன வண்டியை விடியக்காலையில, கதவைக்கூடத் திறந்து திறந்து மூடாம அளந்தா அதுதான் நிஜம். அப்புறம் ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு மீட்டரைப் பாருங்க. 10க்குக் கீழ, 9.6க்கும் கீழ விழுந்தா பேட்டரிக்குள்ள சக்தி இல்லன்னு அர்த்தம். காலையில 12.6 காட்டிட்டு செல்ஃப் அடிச்சதும் 8க்கு விழுற பேட்டரியும் உண்டு. வோல்ட்டு மட்டும் பார்த்து அதுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்துடாதீங்க. வண்டி ஓடும்போது 13.8லேர்ந்து 14.4க்குள்ள இருக்கணும். 15ஐத் தாண்டினா டைனமோ கூடுதலா ஏத்துது, பேட்டரித் தண்ணி கொதிச்சுக் காஞ்சு போகும். ஒரு விஷயம், இப்போ வர்ற சில புது வண்டிங்க பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஓடும்போதே சார்ஜைக் குறைக்கும். அதைப் பார்த்து பயந்து பட்டறைக்கு ஓடாதீங்க.

சார் அதோட விடல. "ஆறு மாசப் புது பேட்டரி இவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்கக் கூடாதே"ன்னு சொல்லிட்டு ஒரு வேலை பண்ணினார். மீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சார். சிவப்பு முனையை இஞ்சின் பாடியில வச்சார். என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். ரெண்டும் ஒரே எர்த்து, நடுவுல ஒண்ணுமே காட்டக் கூடாது, காட்டினாலும் 0.2 தாண்டக் கூடாது. 1.5 காட்டுச்சு.

கீழ படுத்துப் பார்த்தோம். இஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் ஒயர் முனை உப்புப் பூத்து, பச்சையும் வெள்ளையுமா உதிர்ந்துட்டு இருந்துச்சு. கடற்கரைக் காத்து. எங்க ஊர்ல ஜன்னல் கம்பியே தாங்காது, ஒயர் எங்க தாங்கும்? செல்ஃப் நொண்டினதுக்கு அதுதான் காரணம். டைனமோவிலேர்ந்து வர்ற சார்ஜும் அதே வழியாத்தான் திரும்பணும், அதனால பேட்டரி என்னைக்குமே முழுசா நிறையல. திருக்கழுக்குன்றம் போயிட்டு வர்ற சின்ன ஓட்டத்துல அதுக்கு எங்க நேரம்? புது எர்த் ஒயர் 120 ரூபாய். முனையைச் சுரண்டி, மாட்டி, கிரீஸ் தடவினோம். செல்ஃப் தட்டினதும் பிடிச்சுது. ஓடும்போது பேட்டரியில 14.1.

அப்போ அந்தப் பழைய பேட்டரி? அது நல்லாத்தான் இருந்திருக்கும், அதுவும் சாப்பாடு கிடைக்காமத்தான் சோர்ந்து போயிருக்கும். அஞ்சு மூட்டை நெல்லு! பட்டறைப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவன் என்னை ஏமாத்தல, அவனும் அளக்கல, அவ்வளவுதான். நானும் "அளந்து காட்டு தம்பி"ன்னு கேட்கல.

இங்கதான் நான் பட்டணத்துக்காரங்ககிட்ட கொஞ்சம் வாதம் பண்ண ஆசைப்படுறேன். விவசாயிக்கு அடுத்தவன் மீட்டர்தான் விதி. கொள்முதல்ல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதம்னு வரையறை. கருவியில 18ன்னு வந்தா மறுபடியும் களத்துல கொட்டி உலர்த்தணும், வானம் கறுத்துட்டு நிக்கும். பால்ல கொழுப்பு எத்தனைன்னு இன்னொரு கருவி சொல்லும். ரெண்டும் நம்ம கையில இல்ல. எங்களுக்குப் பக்கத்துல உத்திரமேரூர் இருக்கு, குடவோலைக் கல்வெட்டுன்னு எல்லாரும் போய்ப் பார்க்கிறீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, அதுல ஏரி வாரியம், தோட்ட வாரியம் கூடவே பொன் வாரியம்னு ஒண்ணும் இருக்கு. பொன்னு விஷயத்தைப் பார்த்துக்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்து வச்சிருக்கு. அளக்கிறவனை ஊர் தேர்ந்தெடுத்துது. இன்னிக்கு உங்களுக்கும் அந்த உரிமை கொஞ்சம் பாக்கி இருக்கு. பெட்ரோல் பங்க்ல சந்தேகம் வந்தா அஞ்சு லிட்டர் அளவுப் பாத்திரத்துல பிடிச்சுக் காட்டச் சொல்லலாம், அவங்க வச்சிருந்தாகணும். எத்தனை பேர் கேட்டிருப்பீங்க? கார்ல உக்காந்து அவங்க காட்டுற ஜீரோவை மட்டும் பார்த்துட்டு வந்துடுறோம்.

முந்நூறு ரூபாய் மீட்டர் எனக்குக் கொடுத்தது அந்த உரிமைதான். இப்போ எந்தப் பட்டறைக்குப் போனாலும் மீட்டர் கூட வரும். முதல்ல முறைச்சாங்க. இப்போ "அண்ணா மீட்டரைக் கொடுங்க"ன்னு அவங்களே வாங்கிப் பார்க்கிறாங்க.

"உங்க மீட்டரே தப்பா இருந்தா?"ன்னு நீங்க கேட்கணும். கேட்டாத்தான் நான் இவ்வளவு எழுதினதுக்கு அர்த்தம். வாங்கின அன்னிக்கே எதிர்வீட்டு சார் மீட்டரோட வச்சுப் பார்த்தேன், 0.03 வித்தியாசம். கோவளத்துல ஒரு மீன்பிடி போட்டுக்காரர் வீட்டுல இன்னொண்ணு இருந்துச்சு, ஜிபிஎஸ்ஸும் விளக்கும் எரிய அவங்க பேட்டரியைத்தான் கடலுக்கு எடுத்துட்டுப் போறாங்க, நடுக்கடல்ல தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதில்ல. அதோடவும் வச்சுப் பார்த்தேன். மூணும் கூடி ஒரே மாதிரி சொன்னா நம்பலாம். ஒண்ணு மட்டும் விலகினா, எவ்வளவு விலகுதோ அதை ஒரு பிளாஸ்திரியில எழுதி அது மேலயே ஒட்டிடுங்க. என் நீல எழுத்து கேஜ்ல "0.4 கழி"ன்னு ஒட்டியிருக்கேன். தூக்கிப் போடல. தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்ச கேஜ், தெரியாத கேஜை விட எவ்வளவோ மேல்.

சிவப்பு எண் எரியுற சின்ன மீட்டரை சிலர் டேஷ்போர்டுல நிரந்தரமா பொருத்துவாங்க. அதுலயும் தப்பில்ல, பல மாடல்ல பின்னாடி திருகிச் சரிபண்ண ஒரு குட்டித் திருகாணி இருக்கும், நல்ல மீட்டரோட ஒப்பிட்டுத் திருப்பிக்கலாம். ஆனா சுவிட்ச் வச்சு மாட்டுங்க. அது 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர். வண்டியை ஒரு மாசம் நிறுத்திட்டு அமெரிக்காவுல பேரனைப் பார்த்துட்டு வந்தீங்கன்னா பேட்டரியில நாலு பங்குல ஒண்ணரைப் பங்கைக் காவல்காரனே சாப்பிட்டிருப்பான். பேட்டரி மேல இருக்கிற பச்சைக் கண்ணையும் முழுசா நம்பாதீங்க. உள்ள ஆறு அறை இருக்கு, கண்ணு ஒரே ஒரு அறையைத்தான் பார்க்குது. மூடி திறக்கிற பழைய மாடல் பேட்டரின்னா ஹைட்ரோமீட்டர் வச்சு ஆறு அறையையும் தனித்தனியா பார்க்கலாம், நிறைஞ்சிருந்தா 1.250க்கு மேல நிக்கும். டிராக்டர்காரங்க இன்னும் அப்படித்தான் பார்க்கிறாங்க, ஆசிட் பட்டு லுங்கியில ஓட்டை விழுறதைப் பத்தி அவங்க கவலைப்படுறதில்ல.

பையனோட டப்பாவை என்ன பண்ணினேன்னு சொல்லலையே. என் மீட்டரை அது பக்கத்துலயே வச்சேன். அது 12.63, என்னோடது 12.59. நல்ல டப்பாதான். "பார்த்தியாப்பா, சரியாத்தானே காட்டுது"ன்னான். "இப்போதான்டா உனக்கே தெரியுது"ன்னேன். சிரிச்சுட்டான். அவங்க பாட்டி திண்ணையில உக்காந்துகிட்டு, "அந்த மீட்டர்ல எனக்கு மூச்சு எவ்வளவு இருக்குன்னு பாருடா"ன்னு அவன்கிட்ட கையை நீட்டினாங்க.

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில அளந்து, மளிகைக் கடை காலண்டர்ல அந்தத் தேதிக்குப் பக்கத்துல எழுதி வைக்கிறது இப்போ பழக்கமாயிடுச்சு. இந்த வாரம் எழுதல. மீட்டரை மேலத்தெருவுல ஒரு பையன் ஆட்டோவுக்குப் பார்க்கணும்னு வியாழக்கிழமை வாங்கிட்டுப் போனான், இன்னும் வரல. வேர்க்கடலைக்குத் தண்ணி கட்டிட்டு சாயங்காலம் போய்க் கேட்கணும்.